கலர் இருந்தா கலந்தாச்சு

கங்கையம்மாளுக்கு யார் மேலதான் சந்தேகம் இல்லை? பால் போடுகிறவன் பாக்கெட்டில் ஊசி குத்தி உறிஞ்சுகிறான். தண்ணி கேன்காரன் குழாயடியில் பிடித்து மூடி போட்டுக் கொண்டுவந்து இறக்குகிறான். மாவு மில்லுக்குப் போன அரிசியில் ஒரு பிடி குறைகிறது. மாடியில் குடியிருக்கிற டீச்சர் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டுவிட்டு இரண்டு கொத்து ஒடிக்கிறாள். முடிச்சூர் ரோட்டில் இந்தப் பேச்சைக் கேட்காத காது கிடையாது. அவள் வருவது தெரிந்தால் காய்கறி வண்டிக்காரன் கேட்காமலே தராசைத் துடைத்து வைத்துவிடுவான்.

இப்படிப்பட்டவளிடம் ஒருத்தன் ஒன்பது வருஷம் வேலை பார்த்தான் என்றால் அவனுக்குச் சிலைதான் வைக்க வேண்டும். அவன் பேர் தீனா. முப்பத்தாறு வயசு. அஸ்தினாபுரத்திலிருந்து பைக்கில் வருவான், சாயங்காலம் அஞ்சரைக்குக் கிளம்பிவிடுவான்.

வேலை என்ன? புல் வெட்டுவது. தாம்பரத்தைச் சுற்றிக் காலி மனைக்கா பஞ்சம்? வாங்கிப் போட்டவன் எல்லாம் துபாயிலும் பெங்களூரிலும் உட்கார்ந்திருக்கிறான். மனையில் கோரையும் முள்ளும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பக்கத்து வீட்டு பாத்ரூமில் பாம்பு படுத்திருக்கும்போதுதான் போன் பறக்கும். புருஷன் போன பிறகு கங்கையம்மாள் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டு இந்தத் தொழிலில் இறங்கினாள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றும். மெஷினைத் தூக்கி வெட்டுவது தீனா. வேலை பிடிப்பது, மனைக்காரனோடு சண்டை போடுவது, பெட்ரோல் வாங்கி வருவது கங்கையம்மாள். பெட்ரோலை மட்டும் அவள் யார் கையிலும் விடமாட்டாள். பங்க்கில் மீட்டர் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, தகரக் கேனில் பிடித்து, ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு அவளேதான் வருவாள்.

இந்த மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. ஆயில் ஊற்ற அதில் தனி இடம் கிடையாது, பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் உள்ளே காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ஒரு நாள் அவளும் கலந்து, அது தெரியாமல் தீனாவும் கலந்து, மெஷின் விட்ட புகையில் கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடி வந்தன. அன்றைக்குக் கங்கையம்மாள் ஒரு சட்டம் போட்டாள்.

"தோ பாரு தீனா. கேனைத் தொற. பெட்ரோலு வெள்ளையா கீதா, ஆயில் ஊத்து. பச்சையா கீதா, நான் ஊத்திட்டேன்னு அர்த்தம். கலர் இருந்தா கலந்தாச்சு. அப்பால கை வெக்காத, என்னையும் கேக்காத."

"கலர் இருந்தா கலந்தாச்சு" என்று தீனாவும் சொன்னான். அவர்கள் வாங்குகிற ஆயில் நல்ல பச்சை. ஒரு மூடி ஊற்றினால் போதும், கேன் முழுக்கக் கலர் மாறிவிடும். ஒன்பது வருஷமும் அந்த ஒரு வரியில்தான் தொழில் ஓடியது.

தீனாவும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தான், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே. அதற்கு முன்னால் அவன் குரோம்பேட்டையில் ஒரு கடையில் இருந்தான். துளை போடுகிற மெஷின் ஒன்று காணாமல் போக, முதலாளி பத்துப் பேர் முன்னால் அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டான். ஒரு வாரம் கழித்து மெஷின் முதலாளியின் தம்பி காரிலேயே கிடைத்தது. கிடைத்ததை யாரும் வந்து தீனாவிடம் சொல்லவில்லை. மன்னிப்பு கிடக்கட்டும், ஒரு போன்கூட இல்லை.

"இன்னா வேணா திட்டிக்கோக்கா. நாஸ்தி பண்ணு, வாங்கிக்கிறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னைப் பாத்து சொல்லிடாத. சொன்னன்னு வெச்சிக்கோ, நமக்குள்ள அத்தோட முடிஞ்சிச்சு."

"அய்ய, நான் எதுக்குடா சொல்லப் போறேன்?" என்றாள் கங்கையம்மாள்.

சொல்லவும் இல்லை. சந்தேகம் வராமலா இருந்தது? வந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொள்வாள். ஏனென்றால் அந்தத் தெருவில் அவளை நீ, வா, போ என்று பேசுகிற ஆள் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாம் மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போனார்கள். பெற்ற பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், "சாப்டியாம்மா" என்பான், வைத்துவிடுவான். தீனா அப்படி இல்லை. "இன்னாக்கா மூஞ்சி உப்பிக்கினு கீது, மாத்திர போட்டியா?" என்று கேட்பான். அவள் ஜுரத்தில் படுத்திருந்தபோது அவன் பெண்டாட்டி வினிதா இரண்டு பஸ் மாறி ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ரசத்தையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் புரட்டாசி பிறக்கும்போதே வேலை குவிந்தது. மழைக்கு முன்னால் மனையைச் சுத்தம் பண்ணிக்கொள்ள எல்லாருக்கும் அவசரம். வேலை கூடியபோது பெட்ரோலும் கூடியது. கூடத்தானே செய்யும்? ஆனால் கங்கையம்மாள் மண்டைக்குள் ஒரு வண்டு நுழைந்துவிட்டது. போன வருஷம் இதே மனைக்கு ஒரு கேனில் பாதிதானே ஆச்சு? இப்போ முக்கால் கேன் எங்கே போகிறது?

அந்த வண்டோடு அவள் போய் நின்ற இடம் சேட்டு கடை. ஆயில், பிளக், பெல்ட் என்று விற்கிற சின்னக் கடை, பக்கத்திலேயே பாட்சாவின் மெக்கானிக் ஷெட். சேட்டு வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அவன் ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தான். பாய்கிற குதிரைப் படம் போட்ட பாட்டில்.

"இன்னாடா இது?"

"மருந்துக்கா. பெட்ரோலுக்கு மருந்து. இன்ஜினு உள்ள கீற அழுக்கெல்லாம் அறுத்து எடுத்துடும், சின்ன மெஷினு பெரிய மெஷினு கணக்கா இழுக்கும். ஒரு மூடி ஊத்து. நாலு லிட்டர் குடிக்கிற மெஷினு மூணு லிட்டரோட அடங்கிடும். நான் கேரண்டி."

கங்கையம்மாள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். சீலை நகத்தால் கீறிப் பார்த்தாள். தேதி பார்த்தாள். இன்னொரு பாட்டிலைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் அளவு சமமா என்று கண்ணால் அளந்தாள். அதற்குள் அவள் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடிவிட்டது. இந்த மருந்தை தீனாவுக்குத் தெரியாமல் ஊற்ற வேண்டும். நாலு மூணானால் தீனா சுத்தம். நாலு நாலாகவே நின்றால்? மிச்சமாக வேண்டிய அந்த ஒரு லிட்டர் எங்கேயோ போகிறது என்றுதானே அர்த்தம்!

அந்த மருந்தே டுபாக்கூராக இருந்தால் என்று ஒரு யோசனை வரணுமா இல்லையா? வரவில்லையே! ஊரில் இருக்கிற மனுஷன் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், ஒரு பாட்டிலைப் போய் நம்பிவிட்டாள். என்னத்தைச் சொல்ல?

மறுநாளிலிருந்து ஆரம்பமானது வேவு. சாயங்காலம் தீனா அடுத்த நாளுக்கு ஆயில் கலந்து வைத்துவிட்டுக் கிளம்புவான். அவன் பைக் தெரு முனை திரும்பியதும் கங்கையம்மாள் கேனைத் திறந்து ஒரு மூடி மருந்து விடுவாள். அதுவும் பச்சைதான். ஏற்கெனவே பச்சையாக இருந்த பெட்ரோலில் விழுந்து ஒன்றும் தெரியாமல் போய்விடும். அப்புறம் ஒரு விளக்குமாத்துக் குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு. மறுநாள் வேலை முடிந்து வந்ததும் இன்னொரு கோடு. நாலு நாள் பார்த்தாள். குச்சியில் கோடு வழக்கமாக எங்கே விழுமோ அங்கேயேதான் விழுந்தது. ஒரு விரற்கடைகூட மிச்சம் இல்லை.

கங்கையம்மாள் குச்சியையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படீன்னா எடுக்கிறான். எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒன்பது வருஷமாக எடுக்கிறானா, இப்போதுதானா?

அதற்கப்புறம் அவன் தும்மினாலும் அவளுக்குத் தப்பாகத் தெரிந்தது. எப்போதும் தோளில் தொங்குகிற பையை ஏன் இப்போது மடியில் வைத்துக்கொள்கிறான்? தண்ணி குடிக்கப் போனவன் ஏன் பைக் பக்கம் போய் வந்தான்? புதன்கிழமை மதியம் அவன் போனில் பேசியது காதில் விழுந்தது. மரத்தடிக்குத் தள்ளிப் போய், குரலைத் தணித்துக்கொண்டு பேசினான்.

"சரி வினிதா, மறக்க மாட்டேன். யாரும் பாக்காதப்போ எடுத்துகினு வந்துடறேன், போதுமா?"

எதை? யாரும் பார்க்காதபோது எதை எடுத்துக்கொண்டு போகப் போகிறான்? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பைக் கிளம்பும்போது டேங்க் மூடிப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். "இன்னாக்கா?" என்றான். "ஒண்ணியும் இல்ல, போ" என்றாள். பெட்ரோல் டேங்க்கில் பெட்ரோல் வாசனைதான் வந்தது. வேறு என்ன வரும்?

நேராகச் சேட்டிடம் போனாள். "இன்னா மருந்து குடுத்த? ஒரு சொட்டு மிச்சமாகல."

"எப்போ ஊத்துற நீ?"

"ஆயில் கலந்தப்புறம்."

சேட்டு தலையில் அடித்துக்கொண்டான். "அதான் ஏறல! பங்க்ல பெட்ரோல் புடிச்ச கையோட ஊத்தணும்கா. வெறும் பெட்ரோல்ல விட்டாத்தான் வேலை செய்யும். ரெண்டு மூடியா விடு."

வியாழக்கிழமை காலையில் அதையே செய்தாள். அன்றைக்கு வண்டலூர் பக்கம் மூன்று ஏக்கர் லேஅவுட். அங்கே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் தோத்தாத்ரி சார் வீட்டு ஷூ ஸ்டாண்டில் பாம்பு சுருண்டு கிடந்திருக்கிறது, மனுஷன் வெலவெலத்துப் போய் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தே ஆக வேண்டும் என்றார். தீனாவே அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தான், "முடிச்சிடலாம் சார்" என்று. சாயங்காலம் வாங்குகிற பெட்ரோலை அன்று காலையில் வாங்கினாள் கங்கையம்மாள். பங்க் ஓரமாகத் திரும்பி நின்று இரண்டு மூடி மருந்தை விட்டுக் குலுக்கினாள். கேன் பச்சைப் பசேல் என்று ஆனது. வீட்டுக்குப் போகாமல் அப்படியே லேஅவுட்டுக்கு வந்து இறக்கினாள்.

"கேன் தோ கீது" என்றாள்.

தீனா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான். பெரிய மெஷினில் ஊற்றி மூடியைத் திருகினான். அந்தத் தலையாட்டல்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று அளவெடுக்கிறான் பார், என்று நினைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. கோரைக்குள்ளிருந்து மெஷின் வீல் என்று கத்தியது. அப்புறம் சத்தமே இல்லை. தீனா கயிற்றை இழுத்தான், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான், கயிறு கல்லில் கட்டினது போல நின்றது. "அக்கா, புடிச்சிக்கிச்சுக்கா" என்றான். அவன் முகமே செத்துப் போயிருந்தது. ஆனால் அவள் மெஷினைத்தான் பார்த்தாள்.

பாட்சாவின் ஷெட்டுக்கு வந்து சேரும்போது பத்தரை. பாட்சா அதிகம் பேசமாட்டான். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். வறண்டு வெள்ளையாக இருந்தது. சிலிண்டரைக் கழற்றி விரலை உள்ளே விட்டுச் சுற்றினான். பிஸ்டன் நெடுக நகம் வைத்துக் கீறினது போலக் கோடுகள். வண்டி ரிப்பேருக்கு நின்ற இரண்டு பேரும், கிளாஸ் எடுக்க வந்த டீக்கடை எட்மண்டும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து சேட்டும் வந்து நின்றான்.

"அக்கா, சொட்டு ஆயில் இல்ல" என்றான் பாட்சா. "வெறும் பெட்ரோல்ல ஓட்டிகீறாங்க."

நாலு நாள் குச்சிக் கோடு, மரத்தடி போன், மடியில் வைத்த பை, எல்லாம் கங்கையம்மாள் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"இல்ல பாய், நான் கேனைத் தொறந்து பாத்தேன், பெட்ரோலு நல்லா..." என்று தீனா ஆரம்பித்தான். "அக்கா, நீ கொண்டாந்தப்பவே..."

"மூட்றா வாயை! பெட்ரோலை எடுத்த, பத்தல. இப்போ ஆயிலையும் வித்துத் தின்னுட்டியா? யாரும் பாக்காதப்போ எடுத்துகினு போறேன்னு பொண்டாட்டியாண்ட சொன்னியே, காதுல வுயலன்னு நெனச்சியா? கூடவே வெச்சி சோறு போட்டேன்டா! திருட்டுப் பயலே!"

பாட்சா ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அதற்கப்புறம் பெட்ரோலைப் பற்றி தீனா ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் இருந்த பையை எடுத்தான், எல்லார் முன்னாலும் தலைகீழாகக் கவிழ்த்தான். டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, நாலு கொய்யாப்பழம். கொய்யா உருண்டு போய் மெஷின் அடியில் நின்றது. லேஅவுட் ஓரத்தில் யாருடைய மனையிலோ ஒரு கொய்யா மரம் இருந்தது. மனை பார்க்கப் போன அன்றைக்கே தீனா அதை வீட்டில் சொல்லியிருந்தான், வினிதா அதைத்தான் கேட்டிருந்தாள்.

"இதான்கா எடுத்தேன்" என்றான். டிபன் பாக்ஸையும் துண்டையும் மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் பைக் லேஅவுட்டிலேயே நின்றது. பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும்வரை ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. பார்க்காமல் போனதும் சந்தேகமாகத்தான் இருந்தது. குற்றம் உள்ளவன்தானே முகத்தைக் காட்டமாட்டான்?

வெள்ளிக்கிழமை காலையில் ஜோஷ்வா என்று ஒருத்தனைப் பெருங்களத்தூரில் கூலி ஆள் நிற்கிற இடத்தில் பிடித்தாள். சின்ன மெஷினையும், முந்தின நாள் மிச்சம் இருந்த அதே கேனையும் அவனிடம் கொடுத்துவிட்டு, தோத்தாத்ரி சாரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழமன்னா ஞாயித்துக்கெழம சார், நான் சொன்னா சொன்னதுதான்!"

ஜோஷ்வா கேனைத் திறந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே கேட்டான். "அக்கா, ஆயில் கலக்கணுமா, கலந்தாச்சா?"

"கண்ணு இன்னா பொட்டையா? பச்சையா கீதுல்ல? கலர் இருந்தா கலந்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

யார் கலந்தது? அவள் கலக்கவில்லை. கேன் பங்க்கிலிருந்து நேராக வந்தது, வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆயில் டின் வீட்டில் இருக்கிறது, மருந்து நினைப்பில் அதை எடுத்துவரவே மறந்துவிட்டாள். அப்புறம் எப்படிப் பச்சை? போனில் தோத்தாத்ரி சார் "ஹலோ, ஹலோ" என்றார். கங்கையம்மாள் ஓடினாள். "ஊத்தாத, ஊத்தாத!" என்று கேனைப் பிடுங்கி உள்ளே விரலை விட்டாள். ஆயில் கலந்த பெட்ரோல் என்றால் பெட்ரோல் பறந்து போனாலும் விரலில் வழவழப்பு நிற்கும். ஒன்பது வருஷப் பழக்கம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்தாள். சில்லென்று இருந்தது, உடனே காய்ந்துவிட்டது. வழவழப்பே இல்லை. வெறும் பெட்ரோல்.

பச்சை மருந்துடையது. கலர் இருந்தது, கலக்கவில்லை. அவன் திறந்து பார்த்தான், பச்சையாக இருந்தது, தலையாட்டினான், ஊற்றினான். அவள் போட்ட சட்டத்தை அவன் அப்படியே கேட்டிருக்கிறான்.

"அடிப்பாவி" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று ஜோஷ்வா சுற்றிலும் பார்த்தான். அவள் கோரைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். முள் குத்தியது தெரியவில்லை. அவளுக்கு அப்போது இருந்த பயம் மெஷினைப் பற்றி இல்லை. எவ்வளவு பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னோம் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. மெஷினைப் பாட்சா சரி பண்ணிவிடுவான். இதை எவன் சரி பண்ணுவான்?

மத்தியானத்துக்குள் அஸ்தினாபுரம் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்த வினிதா உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தீனா பின்னாலிருந்து வந்து நிலைப்படியில் நின்றான்.

"தப்பு என்னோடதுடா. உன்னிய சோதிக்கிறேன்னு நான்தான் பெட்ரோல்ல ஒரு மருந்தை ஊத்துனேன். அது பச்சையாச்சு. நீ ஆயில்னு நெனச்சிட்ட. நெனக்கத்தானே செய்வ, நான்தானே சொல்லிக் குடுத்தேன். தீனா, நான் வாய் தவறி..."

"வாய் தவறல" என்றான் தீனா. "ரொம்ப நாளா உள்ளயே இருந்துச்சு. வெளிய வந்துடிச்சு, அவ்ளோதான்."

அவள் கையைக் கூப்பினாள்.

"இங்க சொல்லி இன்னா ஆவப் போவுது? எங்க சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க மேடம்."

மேடம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஷெட்டில் கூட்டம் கூட்டியது கங்கையம்மாளேதான். முந்தின நாள் வண்டிக்கு நின்ற இரண்டு பேரையும் பாட்சாவை விட்டுப் போன் போட்டு வரவைத்தாள். எட்மண்டைக் கடையை விட்டு வரச் சொன்னாள். தீனா ஓரமாக நின்றான். கங்கையம்மாள் எல்லாருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நேத்து இவனைத் திருடன்னு சொன்னேன்ல? இவன் திருடன் இல்ல. ஒரு சொட்டு எடுக்கல. நான் கேன்ல மருந்து ஊத்திட்டு, அத்த மறைச்சி, இவன் மேல பழி போட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. வெளியயும் சொல்லுங்க, நேத்தே சொல்லியிருப்பீங்கல்ல, அதே மாதிரி."

சேட்டு மெல்ல நழுவப் பார்த்தான். "எங்கடா போற?" என்று பாட்டிலை அவன் கையில் திணித்தாள். "நாலு மூணாவும்னு கேரண்டி குடுத்தியே!"

"மருந்து மேல தப்பு இல்லக்கா. ஆயில் ஊத்த வேணாம்னு நானா சொன்னேன்? மருந்து மருந்துதான், ஆயில் ஆயில்தான்" என்றான் சேட்டு. எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது சரிதான்.

தீனா பாட்சாவிடம் மட்டும் பேசினான். "லேஅவுட்டு முடியிற வரைக்கும் வரேன். தோத்தாத்ரி சாராண்ட நான் வாய் குடுத்துட்டேன்."

சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்கு வந்துவிட்டான். கங்கையம்மாள் வெறும் பெட்ரோலோடு கேனையும், பக்கத்தில் ஆயில் டின்னையும் வைத்தாள். அவன் திறந்து அவள் முன்னால் நீட்டினான்.

"பாத்துக்கங்க மேடம். வெள்ளை."

ஆயிலை அளந்து ஊற்றிக் குலுக்கினான். மறுபடி நீட்டினான். "பாத்துக்கங்க. பச்சை. இப்ப மெஷின்ல ஊத்தறேன்."

"எனுக்கு எதுக்குடா காட்டுற? நீ ஊத்து."

"பாத்துடுங்க. அப்பால ஒரு பேச்சு வேணாம்."

ஒவ்வொரு தடவை டேங்க் காலியாகும்போதும் இதே கதை. தண்ணி குடிக்கப் போனால், "பைக் பக்கம் போகல, தண்ணி குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தோளில் மாட்டினான். ஆயுசு முழுக்க ஒளிந்து ஒளிந்து வேவு பார்த்தவளுக்கு, இப்போது எல்லாவற்றையும் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து காட்டினான் ஒருத்தன். அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் விட்டால் அவனும் நகரவில்லை. "மேடம், பாத்துக்கங்க" என்று நின்றான். நல்ல வேலைதான் பண்ணினான், வேணும் அவளுக்கு!

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லேஅவுட் முடிந்தது. எதிர்முனைச் சுவர் வரை ஒரே பார்வையில் தெரிந்தது. தோத்தாத்ரி சார் சந்தோஷத்தில் செருப்பு இல்லாமலே நடந்து பார்த்தார். கங்கையம்மாள் அந்த நேரம் பார்த்து ஓரத்து மனைக்குப் போனாள். கொய்யா மரத்தில் கைக்கு எட்டினதில் நன்றாகப் பழுத்ததாக நாலு பறித்தாள். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மெஷின் பக்கத்தில் இருந்த தீனாவின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தாள். வினிதா கேட்டாளே, கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துகொள்வான், மனசு கொஞ்சம் இறங்கும் என்று ஒரு நப்பாசை.

தீனா மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு வந்தான். வழக்கம் போலப் பையைத் திறந்து அவள் முன்னால் பிடித்தான். டிபன் பாக்ஸை எடுத்துக் காட்டினான். துண்டை உதறிக் காட்டினான். அப்புறம் அடியில் கை பட்டது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"தீனா, அது நான்தான்டா, வினிதாவுக்குன்னு..."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கேன் பக்கத்தில் தரையில் வைத்தான்.

"இது என்னுது இல்ல மேடம். பாத்துக்கங்க."

"அக்கான்னு கூப்பிடுடா" என்றாள் கங்கையம்மாள்.

அவன் காலிப் பையை இன்னொரு தடவை விரித்துக் காட்டினான். தோளில் மாட்டிக்கொண்டான். பைக்கை உதைத்து, வெட்டின புல்லின் மேலேயே ஓட்டி மெயின் ரோட்டில் ஏறி, தாம்பரம் பக்கம் திரும்பினான். சத்தம் அடங்குகிறவரை அவள் நின்றாள். பிறகு குனிந்து கொய்யாவை எண்ணினாள். வைத்த நாலும் அப்படியே இருந்தன.